தடைக்காலத்தில் படித்த லண்டன் குமாஸ்தாவின் நாட்குறிப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்றில் பாதி எழுத்தின் பொடி அளவுக்கு, மீதிப் பாதி அதை எழுதிய ஆளின் நடத்தைக்கு.

பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், எங்களுக்கும் வேலை பாதிக்குப் பாதிதான். அந்த நாட்களை ஓட்டுவதற்காக இந்தத் தடவை வாங்கியது சாமுவேல் பீப்ஸ் எழுதிய நாட்குறிப்பு, ராபர்ட் லேதம் தொகுத்த ஒற்றைத் தொகுதிச் சுருக்கம். பழைய பிரதி, தபால் செலவோடு 650 ரூபாய் ஆனது. விற்றவர் பெயர் வேண்டாம். ‘நல்ல நிலையில்’ என்று போட்டிருந்தார், பிரித்துப் பார்த்தால் அட்டையின் முதுகு தனியாகக் கழன்று வருகிறது, ராமபாணப் பூச்சி ஒன்று 1663ஆம் வருஷத்துக்குள் நுழைந்து 1664 வழியாக வெளியேறியிருக்கிறது. திருப்பி அனுப்ப மனசில்லை. படகு டிரைவர் தம்பி ஒருவர் வலை பொத்துகிற நைலான் நூலால் முதுகைத் தைத்துக் கொடுத்தார், அதற்கப்புறம் ஒரு தாள் உதிரவில்லை.

ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கும், படுத்துக்கொண்டு படித்தால் கை வலிக்கும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் தாள் இரண்டு வாரத்திலேயே அப்பளம் நமத்த மாதிரி ஆகிவிட்டது, ஆனால் மை கலங்கவில்லை.

எழுதியவர் யார் என்று தெரியாதவர்களுக்கு: 1633இல் லண்டனில் ஒரு தையல்காரர் மகனாகப் பிறந்தவர். பெயரை எழுதியிருப்பதைப் பார்த்தால் ‘பெபிஸ்’ என்றுதான் படிக்கத் தோன்றும், ஆனால் பீப்ஸ் என்றுதான் சொல்ல வேண்டுமாம். (இராமநாதபுரத்தை ‘ராம்நாட்’ ஆக்கியவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை மட்டும் விட்டுவைப்பார்களா.) பெரிய இடத்து உறவினர் ஒருவரின் சிபாரிசில் கடற்படை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மரம், கயிறு, தார், மாலுமிகளின் சம்பளம், எல்லாக் கணக்கும் அவர் மேஜைக்குத்தான் வரும். 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை, யாரும் படித்துவிடக் கூடாது என்று சுருக்கெழுத்தில் எழுதிவைத்தார். கேம்பிரிட்ஜ் மாட்லின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்த அந்த நோட்டுகளை ஜான் ஸ்மித் என்பவர் 1819இலிருந்து மூன்று வருஷம் தலையை உடைத்துக்கொண்டு படித்தெடுத்தார். அந்தச் சுருக்கெழுத்தைச் சொல்லித்தருகிற புத்தகம் அதே நூலகத்தில், பீப்ஸின் சொந்த அலமாரியிலேயே இருந்திருக்கிறது, பாவம், ஸ்மித்துக்கு யாரும் சொல்லவில்லை.

என்னை முதலில் பிடித்து இழுத்தது ராஜாவும் இல்லை ராணியும் இல்லை. 1662 ஜூலையில், கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கிய 29 வயது அதிகாரி, ஒரு கப்பல்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பெருக்கல் வாய்ப்பாடு படிக்கிறார்! கணக்கில் அதுதான் தனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று வெட்கப்படாமல் எழுதுகிறார். மரத்தை அளக்கத் தெரியாவிட்டால் வியாபாரி ஏமாற்றுவான் என்று அதையும் கற்றுக்கொள்கிறார். ஐஸ் பாளத்தைக் குறைத்துப் போட்டு முழுக் கணக்கு எழுதச் சொல்கிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிற எனக்கு இந்த ஆள் அன்றைக்கே சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

தனியாகப் படித்துக்கொண்டிருந்தது கூட்டமாக ஆனது டீக்கடையில். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர், தையல் போட்ட டிரைவர் தம்பி, கடை பாய், நான். தேதி பார்த்துப் படிப்போம் என்று சொன்னவர் வாத்தியார்தான். இன்றைக்கு ஏப்ரல் 23 என்றால் எல்லா வருஷத்து ஏப்ரல் 23உம் இன்றைக்கே. (அந்தக் காலத்து இங்கிலாந்து நாட்காட்டி நம்முடையதைவிடப் பத்து நாள் பின்தங்கியிருந்தது என்றும் அவரே சொன்னார், சரி சார், அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.) நான் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், வாத்தியார் தமிழில் சொல்வார். பீப்ஸ் முதன்முதலாக ஒரு கோப்பை டீ வரவழைத்துக் குடித்தது 1660 செப்டம்பரில் என்று கேட்டதும் பாய், “அதுவரைக்கும் எதைக் குடிச்சிட்டு ஆபீஸ் போனாராம்?” என்றார். பீர்தான் பாய் என்றேன், அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

இப்படித் தேதி பார்த்துப் படிக்கும்போதுதான் சுருக்கப் பதிப்பின் குறை தெரிந்தது. முழு நாட்குறிப்பு பன்னிரண்டு லட்சம் சொற்களுக்கு மேல் என்பதால் நிறைய நாட்களை விட்டிருக்கிறார்கள், சில ராத்திரி படிக்க ஒன்றுமே இருக்காது. அந்த நாட்களுக்கு வீட்லி என்பவர் தொகுத்து, செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பதிப்பைத் திறந்துகொண்டோம். 1893இல் வெளிவரத் தொடங்கிய பதிப்பு, ஒரு நாள் விடாமல் இருக்கிறது, தேடுவதும் சுலபம். ஆனால் ‘அச்சிடத் தகாதது’ என்று அவர் நினைத்த இடத்தில் எல்லாம் வெறும் புள்ளிகள். லேதமும் வில்லியம் மாத்யூஸும் 1970இலிருந்து 11 தொகுதிகளாகக் கொண்டுவந்த பதிப்பில்தான் எதையும் மறைக்காமல் போட்டார்கள், என்னிடம் உள்ளது அதிலிருந்து எடுத்த சுருக்கம். செலவே செய்யக் கூடாது என்றால் வீட்லி போதும். ஆளை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் இதை வாங்குங்கள்.

அரண்மனை வாழ்க்கை வேண்டும் என்றுதான் பலபேர் இந்தப் புத்தகத்துக்கு வருகிறார்கள், அது ஏராளமாக இருக்கிறது. 1661 ஏப்ரல் 23, இரண்டாம் சார்லஸ் முடிசூட்டு. பீப்ஸ் விடிகாலை நாலு மணிக்கே எழுந்து வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் கட்டியிருந்த சாரத்தில் ஏறி, ராஜா வருகிற பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்தே கிடக்கிறார். கடைசியில் சடங்கு முடிவதற்குள் மூத்திரம் முட்டிக்கொண்டு வர, எழுந்து வெளியே போய்விடுகிறார்! ராத்திரி மூக்குமுட்டக் குடித்து, விழித்துப் பார்த்தால் வாந்தியில் கிடக்கிறார். தேர் பார்க்கப் போய் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், யார் என்று சொல்ல மாட்டேன்.

1662 மே 21, வைட்ஹால் அரண்மனைத் தோட்டத்தில் காசில்மெயின் சீமாட்டியின் உள்பாவாடைகள் காயப்போட்டிருக்கின்றன, ஓரமெல்லாம் சரிகைப் பின்னல். அவள் ராஜாவின் ஆசைநாயகி என்பது ஊருக்கே தெரியும். பீப்ஸ் நின்று ரசித்துப் பார்த்துவிட்டு, பார்த்ததே மனசுக்கு நன்றாக இருந்தது என்று வீட்டுக்கு வந்து எழுதுகிறார். அதே மாதம்தான் போர்ச்சுகலிலிருந்து வந்த கேத்தரீனுக்கும் ராஜாவுக்கும் கல்யாணம், சீதனத்தில் நம்ம பம்பாயும் ஒன்று. கொடுத்ததற்கு டச்சுக்காரன் பயமும் ஒரு காரணம், 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடுங்கிய அதே டச்சுக்காரர்கள். வாத்தியார் இந்த இடத்தில் அரைமணி நேரம் பாடம் எடுத்தார், பாய் விளக்கை அணைக்கப் போனதும்தான் நிறுத்தினார்.

எனக்குப் பிடித்தது 1660 மே 25. ஊரைவிட்டு ஓடியிருந்த ராஜா கப்பலில் திரும்பி வருகிறார், டோவர் கரையில் ஜனக்கூட்டம். ராஜா தன் படகில் இறங்கிப் போக, பீப்ஸ் இன்னொரு படகில், கூடவே ராஜாவின் ஆள் ஒருவரும் ராஜாவின் செல்ல நாயும். நாய் படகிலேயே வெளிக்குப் போய்விட்டது. எல்லாரும் சிரிக்கிறார்கள், பீப்ஸுக்கு ராஜாவும் ராஜாவைச் சேர்ந்ததும் மற்றவர்களைப் போலத்தான் என்று தோன்றுகிறது. டிரைவர் தம்பி சிரித்துவிட்டு, “படகைக் கழுவுனது யாருண்ணே?” என்று கேட்டார். அதைப் பீப்ஸ் எழுதவில்லை.

இதைப் படித்த சூட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் பஸ் ஏறி இராமநாதபுரம் போய் இராமலிங்க விலாசம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்தோம். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனது, அப்போது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் போகலூரிலிருந்து தலைநகரை இங்கே மாற்றியவர் கிழவன் சேதுபதி. சுவரோவியங்கள் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை. சேதுபதி வெள்ளைக்காரர்களைச் சந்திக்கிறார், தஞ்சை மராட்டியரோடு சண்டை நடக்கிறது, ராமாயணம் ஒரு பக்கம், அந்தப்புரம் ஒரு பக்கம். அழகுக்குக் குறைவே இல்லை, லண்டன்காரர்கள் பார்த்தால் வாயைப் பிளப்பார்கள். ஆனால் நாட்குறிப்பைப் படித்த கண்ணால் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது: எல்லாம் ராஜா வரையச் சொன்னது. சுவரில் ராஜாவுக்குச் சளி பிடிப்பதில்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆட்கள் எத்தனை மணி நேரம் நின்றார்கள், எவனுக்கு முட்டிக்கொண்டு வந்தது என்று சுவர் சொல்லாது. இங்கேயும் ஓலையில் கணக்கு எழுதிய ஒரு குமாஸ்தா இருந்திருப்பானே, அவன் ராத்திரி வீட்டுக்குப் போய் இரண்டு வரி எழுதிவைத்திருக்கக் கூடாதா என்று ஆதங்கமாக இருந்தது. நம்மிடமும் ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறாரே என்றார் வாத்தியார். இருக்கிறார்தான், 1736 முதல் 1761 வரை தமிழிலேயே நாட்குறிப்பு எழுதினார், ஆனால் அது புதுச்சேரி, அதுவும் பிரெஞ்சுக்காரர் கோட்டை. சேதுபதி வாசலில் நின்றவன் எழுதினது வேண்டும் எனக்கு.

1665 ஜூன் 7, கொள்ளைநோய்: லண்டன் வீட்டுக் கதவுகளில் சிவப்புச் சிலுவை போட்டிருந்ததைப் பார்க்கிறார். 2020இல் எங்கள் தெருவில் தகரம் அடித்து ஸ்டிக்கர் ஒட்டியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, பேசாமல் அடுத்த வருஷத்துக்குப் போனோம். 1666 பெருந்தீ செப்டம்பரில் என்றாலும் ஆசைக்கு அதையும் படித்தோம். தீ நெருங்கும்போது அவர் மண்ணைத் தோண்டிப் புதைத்தது ஒயினையும் பார்மெசான் பாலாடைக்கட்டியையும். “சீஸையா?” என்று பாய் சிரித்தார். டிரைவர் தம்பி சிரிக்கவில்லை. 1964 புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்த அவர் பாட்டி, உரலைத் தூக்க முடியாமல் உலக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாராம். அந்த உலக்கை இப்போதும் வீட்டில் இருக்கிறது என்றார்.

அந்த அரை நட்சத்திரத்தைக் குறைத்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். இந்த ஆள் வேலைக்காரப் பிள்ளைகளை அடிக்கிறார். பதவி உயர்வு கேட்கும் ஒரு தச்சரின் மனைவியைப் பல வருஷம் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறார், அந்த இடங்களை ஸ்பானிஷும் பிரெஞ்சுமாகக் கலந்து எழுதி மறைக்கிறார். கட்டிய மனைவி எலிசபெத்தைக் கண் கறுத்துப்போகிற அளவுக்கு அடித்ததையும் எழுதியிருக்கிறார். ஆகவே வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். என் மனைவி ஒரு நாள் நான் படிப்பதைக் கேட்டுவிட்டு, “அந்தப் பொம்பள ஒண்ணும் எழுதலையா?” என்று கேட்டாள். எழுதியிருக்கிறாள். தனியாகக் கிடந்து வாடுவதைப் பற்றி ஒரு கடிதம். 1663 ஜனவரியில் பீப்ஸ் அதை அவள் முன்னாலேயே கிழித்துப் போட்டார். சொன்னேன். “அப்ப உங்க புத்தகம் பாதிதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எழுத்தின் அளவு: பொடி. கண் போய்விடுமோ என்று பயந்து 1669 மே 31 அன்று எழுதுவதையே நிறுத்திய மனிதரின் புத்தகத்தை இவ்வளவு சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அவருக்குக் கண் போகவில்லை, 1703 வரை இருந்தார். எனக்குத்தான் கண்ணாடி பவர் ஏறியிருக்கிறது.

கடைசி நாள் ஜூன் 14. நடுராத்திரியில் தடை முடிகிறது, படகெல்லாம் டீசல் ஏற்றி ஐஸுக்கு வரிசையில் நிற்கிறது, எனக்குத் தலைக்கு மேல் வேலை. அதனால் கூட்டம் ஐஸ் கம்பெனி திண்ணைக்கே வந்துவிட்டது. 1667 ஜூன் 14: டச்சுக்காரர்கள் மெட்வே ஆற்றுக்குள்ளேயே புகுந்து கப்பல்களைக் கொளுத்தி, ராஜா திரும்பி வந்த அதே ‘ராயல் சார்லஸ்’ கப்பலைக் கட்டி இழுத்துப் போய்விட்டார்கள். டச்சுக் கப்பலிலிருந்து இங்கிலீஷ் குரல்கள் கேட்கின்றன. சம்பளத்துக்குப் பணம் இல்லாமல் கடற்படை கொடுத்த சீட்டுகளை வைத்துப் பட்டினி கிடந்த மாலுமிகள் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். அன்றைக்குச் சீட்டுக்குச் சண்டை போட்டோம், இன்றைக்குக் காசுக்குச் சண்டை போடுகிறோம் என்று கத்துகிறார்கள். வரிசையில் நின்றவர்களும் பக்கத்தில் வந்து கேட்டார்கள். டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறவர்கள், முன்பணக் கடனில் மீன் பிடிக்கிறவர்கள். அதில் ஒரு பெரியவர், “அந்தக் கணக்கப்பிள்ளை என்ன செஞ்சான்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தங்கத்தை மூட்டை கட்டி மனைவியிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, “நீ ஐஸை ஏத்து” என்றார்.

புத்தகம் இப்போது டிரைவர் தம்பி வீட்டில் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் சுற்றித்தான் கொடுத்தேன். கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது, அடுத்த ஏப்ரல் 15க்குள் கைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.