மான் யாருக்கு: முதலில் சுட்டவருக்கா, அம்பின் சொந்தக்காரருக்கா?

சேர்ந்து வேட்டைக்குப் போகும் நண்பர்களுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் விலங்கு விழுந்த பிறகுதான். அமெரிக்க மான் வேட்டைக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம்: முதலில் ரத்தம் வரவைத்தவருக்கே மான். கேட்க எளிது. ஆனால் ஒருவர் காலில் உரசிவிட, இன்னொருவர் நெஞ்சில் சுட்டு வீழ்த்தினால்? உயிரை எடுத்த குண்டுதான் கணக்கு என்பார் இரண்டாமவர். அப்புறம் கொம்பு யார் வீட்டுச் சுவரில் என்று பேச்சு பல நாள் ஓடும்.

ஆப்பிரிக்காவின் தெற்கே கலஹாரி பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் மக்களிடம் வழி வேறாக இருந்தது. எய்தவர் யார் என்று பார்க்கமாட்டார்கள். முதலில் தைத்த அம்பு யாருடையதோ அவரே கறியைப் பங்கிடுவார். அம்புகளைத் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டதால், வேட்டைக்கே போகாத முதியவருக்கும் அந்த உரிமை கிடைக்கும். கொழுத்த விலங்கைக் கொன்று வந்தவரைக்கூட "வெறும் எலும்பு" என்று கேலி செய்வார்கள், தலைக்கனம் ஏறாமலிருக்க!

மான் வேட்டைக்கான அனுமதிச் சீட்டில் ஒருவர் பெயர் வேண்டிய அமெரிக்காவில் அம்பு விதி அப்படியே செல்லாது. சரி, கொம்பு சுட்டவருக்கே போகட்டும். கறியையாவது எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கலாம்.