கோத்தகிரி இரவு வான்காட்சியில் குவாண்டம் அமர்வு: ஒரு மதிப்புரை

கோத்தகிரியை அடுத்த தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு தங்கும் விடுதி, கட்டணம் பெற்று நடத்தும் இரவு வான்காட்சியில் செய்தியைப் பூட்டவும் திறக்கவும் பயன்படும் ரகசியச் சாவிகளை ஒளித்துகள்கள் வழியே பகிர உதவும் குவாண்டம் செயற்கைக்கோள்களைப் பற்றிய தமிழ் அமர்வு ஒன்றையும் சேர்த்திருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர் எவரும் பின்தொடரக்கூடிய தெளிவு அதில் இருந்ததை முதலிலேயே மனமாரச் சொல்லிவிடுகிறேன்.

தொடக்க விளக்கம்தான் மிகச் சிறப்பு. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவுத் தகடுகள் இரண்டு, குறுக்காக வைத்தபோது கைவிளக்கின் ஒளியை முற்றிலும் மறைத்தன. இடையே மூன்றாவது தகட்டைச் சாய்த்துச் செருகியதும் ஒளி மீண்டும் தோன்றியது. நடுவில் அளப்பவர் ஒளித்துகளின் நிலையையே மாற்றிவிடுகிறார், அந்த மாற்றமே ஒட்டுக்கேட்பவரைக் காட்டிக்கொடுக்கிறது என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது. செயற்கைக்கோள் ஏன் தேவை என்றால், கண்ணாடி நாரான ஒளியிழையில் ஏறத்தாழ ஒவ்வொரு 50 கிலோமீட்டருக்கும் பத்தில் ஒரு பங்கு ஒளியே எஞ்சுகிறது. குவாண்டம் நிலையைப் படியெடுக்க இயலாது என்பதால் வழியில் அதைப் பெருக்கவும் முடியாது. வானிலிருந்து வரும் ஒளியோ பெரும்பாலும் வெற்றிடத்தைக் கடந்து, கடைசிச் சில கிலோமீட்டர்களில்தான் அடர்ந்த காற்றைச் சந்திக்கிறது. 2016 ஆகஸ்டில் சீனா ஏவிய மிசியஸ் செயற்கைக்கோள், மறுஆண்டே பின்னிப் பிணைந்த (எவ்வளவு விலகினாலும் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புடைய) ஒளித்துகள்களை 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரு நிலையங்களுக்கு அனுப்பிக் காட்டியது.

என் மனக்குறை இதற்குப் பின்புதான் தொடங்குகிறது. 2017 செப்டம்பரில் பெய்ஜிங்குக்கும் வியன்னாவுக்கும் இடையே, மிசியஸ் வழிப் பெற்ற சாவிகளைக் கொண்டு நடந்த காணொளி உரையாடலை நடத்துநர் பெருமிதத்துடன் விவரித்தார். ஆனால் அதற்கான ரகசியச் சாவிகள் செயற்கைக்கோளுக்கும் தெரிந்திருந்தன, ஆகவே அதை நம்பியே ஆக வேண்டியிருந்தது என்பதைச் சொல்லவில்லை. பிணைந்த ஒளித்துகள்களைக் கொண்டு 1,120 கிலோமீட்டர் இடைவெளியில் சாவியை உருவாக்கி அந்த நம்பிக்கையைத் தேவையற்றதாக்கிய சோதனை 2020இல் வெளிவந்தது, அதுவும் விடுபட்டது.

மேகத்தைப் பற்றியும் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பார்க்கும் நீலகிரியில் இதுவே முதன்மையான கேள்வி. உதகைக்கு அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி மேகத்தை ஊடுருவிவரும் அலைகளைக் கேட்கிறது; குவாண்டம் ஒளித்துகளுக்கு அந்த வசதி இல்லை. நாட்டுக்குள் 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குச் செயற்கைக்கோள் வழிப் பாதுகாப்பான தொடர்பை 2023இல் ஒப்புதல் பெற்ற இந்திய அரசின் தேசிய குவாண்டம் இயக்கம் இலக்காக வைத்திருப்பதால், மழைக்காலங்கள் வேறுபடும் பல இடங்களில் தரைநிலையங்கள் தேவை என்பதை அவசியம் பேசியிருக்க வேண்டும்.

இருக்கை வசதியும் சுக்குக் காப்பியும் நன்று. ஜனவரி முதல் மார்ச் வரையிலான தெளிந்த இரவுகளில் முன்பதிவு செய்வது நல்லது. கம்பளி கட்டாயம் வேண்டும்.