சென்னைக்கு 3 கி.மீ. முன்னறிவிப்பு: வார்ஃபா, எம்பாஸா?

வடகிழக்குப் பருவமழையில் நுங்கம்பாக்கத்தில் கொட்டும்; மீனம்பாக்கத்தில் தூறலோடு நின்றுவிடும். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. 27 கி.மீ. கட்டத்துக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடம். பிரித்துப் பார்க்க 3 கி.மீ. இடைவெளி தேவை. உலகம் முழுவதையும் அப்படிக் கணக்கிட்டால் 6.5 கோடிக்கு மேல் கட்டங்கள். அதனால்தான், வேண்டிய இடத்தில் மட்டும் கட்டத்தை நெருக்கும் இரண்டு வழிகள்: வார்ஃப், எம்பாஸ் என்ற மாதிரிகள். இரண்டிலும் அமெரிக்காவின் என்கார் வளிமண்டல ஆய்வு மையத்துக்குப் பங்கு உண்டு, இரண்டும் இலவசம்.

வார்ஃப் (டபிள்யூஆர்எஃப்) பெட்டிக்குள் பெட்டி: 27, 9, 3 கி.மீ. காலப்படியை (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம்), கி.மீ. இடைவெளியை ஆறால் பெருக்கி விநாடியில் வைப்பது வழக்கம்: 162, 54, 18. உள்பெட்டியின் ஒரு பக்கத்துப் புள்ளி எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் மீதி 3ஆல் வகுபட வேண்டும். 301 சரி, 300 என்று கொடுத்தால் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

இதன் பலவீனம் எல்லை. பெட்டிக்கு வெளியே நடப்பதைச் சொல்ல, ஜிஎஃப்எஸ் (அமெரிக்காவின் உலகளாவிய முன்னறிவிப்பு மாதிரி) தரவை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டினால், இடையில் எல்லையைக் கடக்கும் சிறு சுழற்சி மழுங்கியே உள்ளே வரும். 3 மணி இடைவெளித் தரவு கிடைக்கும்போது 6 மணியோடு நிறுத்துவது வீண் சிக்கனம். நமக்கு மழை கிழக்கிலிருந்து வருகிறது. கிழக்கு எல்லை அந்தமானைத் தாண்டியே இருக்கட்டும். எல்லைக்கோடு உயர்ந்த மலைமேல் போனால் ஜிஎஃப்எஸ், வார்ஃப் இரண்டின் நிலப்பரப்புகளும் பொருந்தாமல் பொய் அலைகள் கிளம்பும். ஓட்டம் நடுவில் செத்தால் பிழைப்பதிவில் ‘சிஎஃப்எல்’ (காலப்படி கட்டத்துக்குப் பெரிதாகிவிட்டதன் அடையாளம்) என்று தேடுங்கள். பெரும்பாலும் மலையின் செங்குத்துச் சரிவுதான் காரணம். காலப்படியைக் குறைத்தால் ஓடும்.

எம்பாஸில் பெட்டியே இல்லை. உலகம் முழுதும் அறுகோண வலை (ஐங்கோணங்களும் உண்டு), 60 கி.மீ.யிலிருந்து மெல்ல 3 கி.மீ.க்கு நெருங்கும். அந்த வலையில் 8,35,586 கட்டங்கள். நெருக்கமான பகுதியைச் சென்னைமேல் சுழற்றி வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டு எல்லை இல்லாததால் ஜிஎஃப்எஸ் தரவு தொடக்கத்துக்கு மட்டும் போதும்.

ஆனால் மிகச்சிறிய கட்டத்தின் காலப்படியில்தான் எல்லாக் கட்டங்களும் நடக்க வேண்டும். சென்னைக்காகப் பசிபிக்கின் 60 கி.மீ. கட்டமும் 18 விநாடிக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது! வார்ஃபின் பக்கத்துக்கு 301 புள்ளி உள்பெட்டியில் கட்டங்கள் 90,000தான். செலவு எங்கே போகிறது என்று புரியும். சிறு அலைகளை மட்டுப்படுத்தும் பரவலுக்கான நீள அளவு 3000 மீட்டர் என்று இருக்கிறதா என நேம்லிஸ்டில் (அமைப்புகளை எழுதும் கோப்பு) பாருங்கள், 120 கி.மீ. வலைக்கான எண் கிடந்தால் ஓட்டம் நிலைகுலையும். 256 செயலிகளில் ஓட்ட, வலையை அதே எண்ணுக்குப் பிரித்த பகிர்வுக் கோப்பும் வேண்டும்.

வெப்பச்சலன மழையில் வேறுபாடு இன்னும் கூர்மை. வார்ஃபில் 27, 9 கி.மீ. பெட்டிகளுக்கு வெப்பச்சலனத் திட்டத்தை (கட்டத்தைவிடச் சிறிய மேகங்களை மதிப்பிடும் கணக்கு) போட்டு, 3இல் அணைத்துவிடலாம். சுலபம், ஆனால் பெட்டி ஓரத்தில் மழை திடீரென்று முகம் மாறும். எம்பாஸில் எல்லா இடத்துக்கும் ஒரே திட்டம். இடைவெளி குறையக் குறையத் தானே ஒதுங்கும் கிரெல்-ஃப்ரைட்டாஸ் போன்றது தேவை. 10 முதல் 4 கி.மீ. வரையிலான இரண்டுங்கெட்டான் பகுதியில் அதையும் முழுதாக நம்பிவிட முடியாது.

ஒரே சர்வர், மூன்று நாள் முன்னறிவிப்பு என்றால் வார்ஃப் போதும், தயக்கமே வேண்டாம். ஐந்து நாளைத் தாண்டினால், வங்கக்கடலுக்கு வெளியே பிறப்பதும் சேர்ந்துதான் மழையைத் தீர்மானிக்கும்; கிளஸ்டர் (பல சர்வர்களின் தொகுப்பு) இருந்தால் எம்பாஸ். 2019 முதல் எம்பாஸையும் ஒரு பகுதிக்கு மட்டும் வெட்டி ஓட்டலாம். செலவு குறையும், கூடவே எல்லைத் தரவு ஊட்டும் வேலையும் திரும்பி வந்துவிடும்.