30,000 ரூபாய் பொருளைத் தவணையில் வாங்கினால் கையைவிட்டுப் போவது எவ்வளவு? நோ காஸ்ட் இஎம்ஐ, ஷோரூம் ஃபைனான்ஸ், பே லேட்டர்: ஓர் ஒப்பீடு

வட்டி வாங்காமல் யாரும் கடன் கொடுப்பதில்லை. பூஜ்ய வட்டி என்று சொல்லிவிட்டு அந்த வட்டியை ப்ராசஸிங் ஃபீஸ் என்ற பெயரில் வசூலிக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டி, வங்கிகள் அப்படித் திட்டம் நடத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் உத்தரவிட்டது. இன்று அதன் இடத்தில் நிற்பது நோ காஸ்ட் இஎம்ஐ. இதில் வட்டி உண்டு. அதே அளவு தொகையைக் கடைக்காரரோ கம்பெனியோ முன்கூட்டியே விலையில் கழித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது மாதத் தவணை எவ்வளவு என்பதல்ல. இன்றைக்கே முழுப் பணமும் கட்டினால் கடைசி விலை என்ன? அது தெரியாமல் எந்தத் தவணைத் திட்டத்தையும் இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

கிரெடிட் கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ

30,000 ரூபாய் போன், ஆறு மாதம், மாதம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். வங்கி 16 சதவீத வட்டி போடுகிறது என்றால், உங்கள் பெயரில் எழுதப்படும் கடன் சுமார் 28,649 ரூபாய்தான். மீதி 1,351 ரூபாய் 'இஎம்ஐ டிஸ்கவுன்ட்' என்று பில்லில் கழிந்திருக்கும். அந்த 1,351 ரூபாயை ஆறு மாதத்தில் வங்கி வட்டியாக எடுத்துக்கொள்ளும். இதுவரை கணக்கு சரி.

சரியில்லாமல் போவது ஜிஎஸ்டியில். சாதாரணக் கடனின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீதம் உண்டு. 1,351 ரூபாய்க்கு அது 243 ரூபாய். அதை யாரும் கழித்துத் தருவதில்லை, மாதாமாதம் கார்டு பில்லில் சிறு சிறு தொகையாக வரும். ப்ராசஸிங் ஃபீஸ் 199 என்றால் வரியோடு 235. ஆக மொத்தம் 478 ரூபாய் அதிகம். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் ஐந்தரை சதவீதம்தான். இது நல்ல பேரம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் அதே போனுக்கு முழுத் தொகையும் கட்டுபவர்களுக்கு 1,500 ரூபாய் தள்ளுபடி இருந்து, இஎம்ஐ எடுத்தால் அது கிடைக்காது என்றால் கதையே வேறு. நீங்கள் உண்மையில் வாங்கியது 28,500 ரூபாய் பொருள், கட்டுவது 30,478. ஆண்டு வட்டி ஏறக்குறைய 24 சதவீதம் ஆகிவிடுகிறது. நோ காஸ்ட் இஎம்ஐயின் பெரிய செலவு எந்த பில்லிலும் அச்சாவதில்லை. கைவிட்ட தள்ளுபடிதான் அது.

கார்டு வங்கிகள் அசல், வட்டி, முன்தள்ளுபடி மூன்றையும் இஎம்ஐயாக மாற்றும் முன்பே தனித்தனியாகக் காட்ட வேண்டும், மாத பில்லிலும் பிரித்துப் போட வேண்டும் என்பது 2022 முதல் விதி. அந்தத் திரையை அவசரமாகத் தாண்டாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷோரூம் ஃபைனான்ஸ் கவுண்டர்

ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி நேரத்திலும் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் நிறைய நகர்வது ஷோரூமிலேயே நிதி நிறுவனம் கடன் தரும் இந்த கவுண்டர் வழியாகத்தான். '10/2' என்று சொல்வார்கள்: மொத்தம் பத்துத் தவணை, அதில் இரண்டை முதல் நாளே கட்ட வேண்டும். 30,000 ரூபாய் பிரிட்ஜுக்கு 6,000 கையில், மீதி 24,000 எட்டு மாதம். நீங்கள் வாங்கும் கடன் 30,000 அல்ல, 24,000 என்பதை நினைவில் வையுங்கள். கட்டணங்கள் வரியோடு 600 ரூபாய் என்றால் ஆண்டு வட்டி ஏழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

இங்கேதான் கூடுதல் வாரண்டியையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். நீங்கள் கேட்காத வாரண்டிக்கு 1,500 ரூபாய் முதல் நாளே போனால், அதே கடனின் செலவு ஆண்டுக்கு 25 சதவீதம். ஓடிபி வந்ததும் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் குறுஞ்செய்தியில் உள்ள தொகையும் கவுண்டரில் சொன்ன தொகையும் ஒன்றா என்று பார்த்த பிறகு சொல்லுங்கள்.

கடன் தருபவர் 'கேஎஃப்எஸ்' எனப்படும் முக்கியத் தகவல் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். கட்டணம் எல்லாம் சேர்த்த ஆண்டுச் செலவு, ஏபிஆர் என்ற பெயரில் அதில் ஒரே எண்ணாக இருக்கும். இது வெறும் சம்பிரதாயத் தாள் இல்லை. 2023 நவம்பரில் பஜாஜ் ஃபைனான்ஸின் ஈகாம், இன்ஸ்டா இஎம்ஐ கார்டு ஆகிய இரண்டு கடன் திட்டங்களின் வழியாகவும் புதுக் கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நிறுத்தியதற்கு இந்த அறிக்கை விஷயத்தில் இருந்த குறையே முக்கியக் காரணம். 2024 மே மாதம்தான் தடை விலகியது. கவுண்டரில் 'ஃப்ளாட் 12 சதவீதம்' என்று வாயால் சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 30,000 ரூபாய்க்கு ஒரு வருடம், மாதம் 2,800 என்று கட்டும் அந்தக் கடனின் உண்மை வட்டி 21.5 சதவீதம். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் தொகைக்கே போடப்படுவதுதான் காரணம்.

பே லேட்டர் செயலிகள்

இப்போது வாங்கிவிட்டுப் பிறகு கட்டலாம் என்பதுதான் பே லேட்டர்: மளிகை, சாப்பாடு, பயண டிக்கெட் போன்ற சிறு தொகைகளுக்கு 15 அல்லது 30 நாள் அவகாசம். நாள் தவறாமல் கட்டினால் பெரும்பாலும் செலவே இல்லை. அந்த வகையில் மூன்றிலும் மலிவானது இதுதான். தவறினால் மூன்றிலும் மிக மோசமானதும் இதுவே. 1,200 ரூபாய் பாக்கியைப் பத்து நாள் தாமதமாக 100 ரூபாய் அபராதத்தோடு கட்டினால், ஆண்டுக் கணக்கில் 300 சதவீதத்தைத் தாண்டுகிறது. 100 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் தொகை சிறியதாகவும் காலம் குறைவாகவும் இருக்கும்போது நிலையான அபராதம் எப்போதும் இப்படித்தான் கடிக்கும்.

இன்னொரு விஷயம், இந்தக் கடன்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் தனித்தனிக் கணக்காக ஏறலாம். 2025 ஜனவரி முதல் கடன் நிறுவனங்கள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டும் என்பதால், தவறிய தவணையும் சீக்கிரமே தெரிந்துவிடும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் பயன்படுத்தாத பே லேட்டர் கணக்குகளை மூடி, மூடியதற்கான சான்றையும் வாங்கி வைப்பது நல்லது. செயலி கடையை மூடினாலும் கடன் மூடாது. 2023 இறுதியில் ஜெஸ்ட்மணி என்ற பே லேட்டர் செயலி சேவையை நிறுத்தியது. ஆனால் கடன் கொடுத்திருந்தவை அதன் பின்னால் இருந்த வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான்.

எது யாருக்கு

அடுத்த மாதமே முழுத் தொகையும் கட்ட முடியும் என்றால் இந்த மூன்றும் வேண்டாம். சாதாரணமாகக் கார்டைத் தேய்த்து, தள்ளுபடியையும் வாங்கிக்கொண்டு, கெடு தேதிக்குள் முழுதாகக் கட்டிவிடுங்கள். ஆனால் 'மினிமம் டியூ' எனப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் பழக்கம் இருப்பவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது: பாக்கிக்கு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42, ஜிஎஸ்டியோடு ஏறக்குறைய 50 சதவீதம். அவர்களுக்கு இஎம்ஐயே மேல். ஆறு மாதம் தேவைப்பட்டு, தள்ளுபடியும் கைநழுவாது என்றால் கார்டு நோ காஸ்ட் இஎம்ஐ. கார்டு இல்லாதவர்கள் ஷோரூம் ஃபைனான்ஸை எடுக்கலாம், வாரண்டியை மறுத்துவிட்டு.

தவணைத் தேதியையும் பாருங்கள். சம்பளம் 7ஆம் தேதி வருகிறது, இஎம்ஐ 5ஆம் தேதி எடுக்கிறார்கள் என்றால் கணக்கில் பணம் இல்லாமல் பவுன்ஸ் ஆகும். அப்போது உங்கள் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் என இரண்டு இடத்தில் பிடிப்பார்கள். ஒரே ஒரு பவுன்ஸ் போதும், மேலே பார்த்த 478 ரூபாயைத் தாண்டிவிட.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால் வேறு தலைவலி. பணம் கார்டுக்குத் திரும்பி வந்தாலும் இஎம்ஐ தானாக நிற்காமல் ஓடலாம். வங்கியை அழைத்து ரத்து செய்யச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். ப்ராசஸிங் ஃபீஸும் அதுவரை போன ஜிஎஸ்டியும் பொதுவாகத் திரும்பாது. செயலி வழியாக எடுத்த டிஜிட்டல் கடனுக்கு மட்டும் குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியேறலாம். எத்தனை நாள் என்பது கேஎஃப்எஸ்ஸில் 'கூலிங் ஆஃப்' என்ற வரியில் இருக்கும்.