தாம்சன் சாலைக் காலத்து ஃபார்முலா கார்: சிங்கப்பூர் ஈரத்தில் வைத்துப் பராமரித்தால்

ஓட்டிக் கெடுவதைவிட நிறுத்தி வைத்துக் கெடுவதுதான் அதிகம். ட்வின் கேம் (இரட்டை கேம்ஷாஃப்ட்) எஞ்சின் பூட்டிய 1960களின் ஒற்றை இருக்கை பந்தயக் காரை இந்த ஊரில் வைத்திருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். காற்றின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஊர் இது. இங்கிலாந்துப் பராமரிப்புக் கையேட்டை அப்படியே நம்பினால் கை சுடும்.

இந்த வகைக் கார்களுக்கு இங்கே சொந்த வரலாறும் உண்டு. அப்பர் தாம்சன் சாலையையும் பழைய அப்பர் தாம்சன் சாலையையும் இணைத்த சுமார் 4.8 கிலோமீட்டர் தடத்தில் 1961 முதல் 1973 வரை பந்தயம் நடந்தது. 1966இல் லீ ஹான் செங் லோட்டஸ் 22இல் வென்றார். 1968இல் கேரி கூப்பர், தம் சொந்தத் தயாரிப்பான எல்ஃபின் 600இல் வென்றார். ஓரத்தில் மழைநீர்க் கால்வாய், விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம் என்று இருந்த தடம் அது. அங்கே ஓடிய கார் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. வாங்கும்முன் சேஸி (காரின் அடிச்சட்டம்) எண்ணையும் பழைய பந்தயப் படங்களையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

மறுசீரமைப்பில் பணமும் பொறுமையும் கரைவது சேஸியில்தான். மெல்லிய எஃகுக் குழாய்களை வெண்கலக் கம்பி உருக்கி ஒட்டிய ஸ்பேஸ்ஃப்ரேம் அது. சில கார்களில் ரேடியேட்டர் தண்ணீரே அந்தக் குழாய்கள் வழியாகத்தான் போகும், அதனால் துரு உள்ளிருந்து தின்னும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். பிறகு முனைகளை அடைத்து, 1 பார் அளவுக்குக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் ஊசித்துளையும் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும்.

பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு, வெண்கல ஒட்டின் மேலேயே மிக் வெல்டிங் (மின்பொறியால் கம்பியை உருக்கி ஒட்டுவது) வைப்பது. உருகிய வெண்கலம் சூடான எஃகின் நுண்மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளுக்குள் புகுந்துவிடும். ஒட்டு அப்போதைக்குப் பார்க்க அழகாகத்தான் இருக்கும், சில பந்தயத்துக்குப் பிறகு அதன் பக்கத்திலேயே வெடிக்கும். அந்தக் குழாயை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பழைய முறையிலேயே வெண்கலத்தால் ஒட்டுவதுதான் சரி. தண்ணீர் ஓடாத குழாய்களுக்குள் சூடான ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, வடித்து, துளையை அடைத்துவிடுங்கள். பவுடர் கோட்டிங் வேண்டாம். பளபளக்கும், ஆனால் வெடிப்பை மறைக்கும். மெல்லிய எனாமல் பெயின்ட் போதும்.

எஞ்சினில் ஒரே ஒரு பெரிய தலைவலி, தண்ணீர் பம்ப். அது முன்பக்க டைமிங் கவரிலேயே அடங்கியது. மாற்ற வேண்டுமானால் மேலே உள்ள ஹெட்டும் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பும் இறங்க வேண்டும், ஒரு சின்ன பேரிங்குக்காக! பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் அந்த பேரிங் சீக்கிரம் போகும். விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும். பம்ப்புக்கு அடியில் உள்ள கசிவுத் துளையில் ஒரு சொட்டு தெரிந்தாலே அடுத்த ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். எஞ்சினைப் பிரிக்கும்போதே தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய கார்ட்ரிட்ஜ் வகைப் பம்ப்புக்கு மாறுவது நல்லது. அசல் தன்மை போகிறதே என்று வருந்துபவர்கள் பழைய கவரைப் பெட்டியில் பத்திரப்படுத்தலாம். மின்விசிறி இல்லாத கார், பிட்டில் ஐடிலில் நிற்கவிட்டால் இந்த வெயிலில் வெப்பமானி ஊசி விறுவிறுவென ஏறும்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர்களை ஓட்டம் முடிந்ததும் வடித்துவிடுங்கள். மூன்று வாரம் பெட்ரோலோடு நின்றால் ஐடில் ஜெட் (ஐடிலில் பெட்ரோல் விடும் நுண்துளைத் திருகு) அடைத்துக்கொள்ளும், ஒரு சிலிண்டர் மட்டும் பட் பட்டென்று வெடிக்கும். மேலே இருக்கும் வட்ட மூடியின் இறக்கை நட்டைக் கழற்றி ஜெட்டை எடுத்து ஊதுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

ஹியூலண்ட் கியர்பாக்ஸின் உறை மெக்னீசியம். கடற்காற்றில் வெள்ளைப் பொடி பூக்கும். பொடியை நைலான் பிரஷால் நீக்கி, குரோமேட் பூச்சு கொடுத்து, பிறகு பெயின்ட் அடிக்க வேண்டும். கிரைண்டரை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்தத் தூள் பற்றினால் தண்ணீர் ஊற்றுவது நெருப்பை இன்னும் வளர்க்கும், உலர்ந்த மணல் பக்கத்திலேயே இருக்கட்டும். பழைய மெக்னீசியம் சக்கரங்களையும் ஆண்டுக்கு ஒருமுறை வெடிப்பைக் காட்டும் சாயம் ஊடுருவும் சோதனைக்கு அனுப்புங்கள்.

பிரேக் திரவம் டாட் 4 என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் குடித்த பிறகு 155 வரை இறங்கலாம். ஆகவே ஒவ்வொரு சீசனுக்கும் மாற்றுங்கள்.

ஓட்ட மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போக வேண்டியிருக்கும். காரைத் தற்காலிகமாக எல்லை தாண்டிக் கொண்டுபோக உதவும் சுங்க ஆவணமான ஏடிஏ கார்னேயின் பட்டியலில் உதிரிச் சக்கரம், கியர் செட் எல்லாம் எண்ணோடு இருக்க வேண்டும். எஞ்சின் ஆயில் போன்ற தீர்ந்துபோகும் பொருள்கள் அதில் சேராது.

திரும்பி வந்து நிறுத்தும்போது கிளட்ச் பெடலை அழுத்தி, இடையில் ஒரு மரக்கட்டை வையுங்கள். இல்லாவிட்டால் தட்டு ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைக் கையால் நான்கு சுற்று சுற்றிவிடுங்கள். மீண்டும் ஸ்டார்ட் செய்யும்முன் பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் பிரஷர் ஊசி எழுந்த பிறகே பிளக்கை மாட்டுங்கள்.