பில்கிராஸ்டிம் ஊசி: அம்மாவுக்குப் போட்ட அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்குக் கீமோ முடிந்து ஒரு நாள் விட்டு, தினமும் வயிற்றுத் தோலுக்கடியில் இந்த ஊசியை நானே போட்டேன். உடம்பே சுரக்கும் ஜி-சி.எஸ்.எஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் செயற்கை வடிவம் இது; எலும்பு மஜ்ஜையின் இளம் செல்களில் உள்ள ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ள, ஜாக்-ஸ்டாட் என்ற, செல்லுக்குள் தகவல் கடத்தும் புரதங்கள் வழியாகச் செய்தி செல்லின் கரு வரைக்கும் போய், அவை வேகமாகப் பெருகி கீமோவில் குறைந்துபோகும், கிருமிகளோடு போராடும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களாக முதிர்கின்றன. போன சுற்றில் ஊசி இல்லாமல் காய்ச்சலில் துவண்டவர் இந்த முறை படுக்கவில்லை, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. இடுப்பெலும்பு வலிதான் இரண்டு நாள் பாடாய்ப்படுத்தியது, அதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம். அப்புறம், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்தை ஒரு கடையில் ஐஸ் இல்லாமல் வெறும் பையில் கொடுத்தார்கள். டர்பன் வெயிலுக்கு அது சரியே இல்லை, கூலர் பை கொண்டு போங்கள்.