ஆக்ஸில் ‘கீய்ங்’ சத்தம் வந்தால் புது செட் வாங்கச் சொல்வார்கள், உஷார்

காரில் போனை ஆக்ஸ் கேபிளில் (போனை ஸ்டீரியோ செட்டோடு இணைக்கும் ஒயர்) மாட்டிப் பாட்டு போட்டால் ஸ்பீக்கரில் ‘கீய்ங்’ என்று ஒரு விசில். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் விசிலும் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். பாட்டில் மெதுவான இடம் வந்தால் பாடகர் குரலைவிட இன்ஜின்தான் நன்றாகக் கேட்கும். இதைச் சரிசெய்யச் சொல்லி ஒரு கார் ஆடியோ கடைக்குப் போனேன். தேவையே இல்லாத இரண்டு சாமான்களை என் தலையில் கட்டி அனுப்பினார்கள், சத்தம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

கடைக்காரர் முதலில் சொன்னது “டைனமோ நாய்ஸ் சார், ஃபில்டர் போட்டா போயிடும்”. எதில் பாட்டு கேட்கிறீர்கள், சார்ஜர் மாட்டியிருக்கிறதா, ரேடியோவிலும் வருகிறதா, எதையும் கேட்கவில்லை. செட்டைப் பிடுங்கி, பின்னால் வரும் சிவப்பு ஒயரை வெட்டி, நடுவில் ஒரு டப்பாவைச் சேர்த்தார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “கொஞ்சம் குறைஞ்சிருக்கே சார்” என்று அவர் சொன்னபோது, என் காதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மறுபடி போனதும் கதை மாறியது. செட்டுக்குள்ளேயே எர்த் போய்விட்டதாம், புதுசுதான் போட வேண்டுமாம். இங்கேதான் அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். புது செட்டை மாட்டி, பென்டிரைவ் செருகி, இன்ஜினை உறுமவிட்டு “கேளுங்க, துளி சத்தம் இருக்கா?” என்றார். இல்லைதான். ஆனால் பென்டிரைவில் பழைய செட்டிலும் சத்தம் வந்ததில்லை, ரேடியோவிலும் வந்ததில்லை! செட் கெட்டுப்போயிருந்தால் எதைப் போட்டாலும்தானே வந்திருக்க வேண்டும்? வெளியே வந்து போனை ஆக்ஸில் மாட்டி, சார்ஜரையும் செருகினேன். அதே விசில்.

விஷயம் இவ்வளவுதான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சார்ஜரின் நெகட்டிவ் ஒரு வழியாக வண்டி பாடிக்குப் போகிறது. அதே போனிலிருந்து ஆக்ஸ் கேபிளின் எர்த், செட் வழியாக வேறு இடத்தில் பாடிக்குப் போகிறது. ஆல்டர்னேட்டர், அதாவது கடைக்காரர் சொன்ன ‘டைனமோ’, ஏசியாகத்தான் மின்சாரம் தயாரிக்கிறது. அதை டயோடுகள் டிசியாக மாற்றினாலும் கொஞ்சம் அலை மிஞ்சும், இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப அதன் சுருதியும் ஏறும். அந்தக் கரண்ட் பாடியிலும் ஒயரிலும் ஓடும்போது எர்த் பிடித்திருக்கும் இரண்டு இடங்களுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் வந்துவிடும். அது ஆக்ஸ் கேபிளின் எர்த் வழியாகப் பாட்டோடு கலந்துவிடுகிறது, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இரண்டையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. இதற்குப் பெயர் கிரவுண்ட் லூப். எர்த் வழியாக வருகிற சத்தத்தைச் சிவப்பு ஒயரில் போட்ட ஃபில்டர் எப்படித் தடுக்கும்?

கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். பாட்டு ஓடும்போதே சார்ஜரைப் போனிலிருந்து பிடுங்குங்கள். விசில் சட்டென்று நின்றால் கிரவுண்ட் லூப்தான். ஆக்ஸ் கேபிளுக்கு நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டால் தீர்ந்தது. தீப்பெட்டி அளவு டப்பா, உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், இடது வலது சேனலுக்கு ஒவ்வொன்று. பாட்டு காந்தப்புலமாகத் தாண்டிப் போய்விடும், எர்த் ஒட்டாது. மட்டமானதை வாங்கினால் பேஸ் மெலிந்துபோகும், அதை மட்டும் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ப்ளூடூத் ரிசீவர் வாங்கி ஆக்ஸில் மாட்டினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கும் கார் சார்ஜரிலிருந்து பவர் கொடுத்தால் அதே லூப் திரும்ப வந்துவிடும். சொந்த பேட்டரியில் ஓடவிடுங்கள். சோல்டரிங் தெரிந்தவர்கள் பி0505எஸ் மாதிரி ஐசொலேட்டட் (இரு பக்க எர்த்தும் ஒட்டாத) 5 வோல்ட் கன்வெர்ட்டரை சார்ஜருக்கும் ரிசீவருக்கும் நடுவில் போடலாம். அது 1 வாட், அதாவது 200 மில்லிஆம்பியர்தான் தரும். சின்ன ரிசீவருக்குப் போதும், போன் சார்ஜ் செய்ய ஆகாது.

சார்ஜரைப் பிடுங்கியும் சத்தம் நிற்கவில்லை என்றால் அது வேறு கதை. செட்டின் எர்த் பெயிண்ட் மேலேயே முடுக்கப்பட்டிருக்கலாம், தனி ஆம்ப் இருந்தால் செட்டிலிருந்து அதற்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் பவர் ஒயரோடு ஒட்டிப் போயிருக்கலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகப்படலாம். அதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள், ஸ்டீரியோ கடைக்கு அல்ல.

சண்டை போடத் திரும்பிப் போனபோது கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: “சார்ஜர் போட்டுட்டு ஆக்ஸ்ல கேட்டா சத்தம் வரத்தான் சார் செய்யும்.” ஆக, தெரிந்தேதான் விற்றிருக்கிறார்! ஒயர் வெட்டியதால் ஃபில்டரைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம், எக்ஸ்சேஞ்சில் கொடுத்த என் பழைய செட்டும் கைமாறிவிட்டதாம்.

யாராவது செட்டை மாற்றச் சொன்னால், மாற்றும் முன்பே உங்கள் போன், உங்கள் சார்ஜர், உங்கள் ஆக்ஸ் கேபிளோடு இன்ஜினை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழைய செட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். “ஆக்ஸ் சத்தம் போகாவிட்டால் பணம் திரும்பத் தரப்படும்” என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.